பன்னிரண்டு கிலோமீட்டரில் நின்ற வண்டி



இந்தப் பதிவு நீளமானது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து படியுங்கள். பழைய கோயில், பழைய ஏரி என்று எழுதிக்கொண்டிருந்த டீச்சர் திடீரென்று ரோபோ வண்டியைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று சிரிக்க வேண்டாம். காரணம் இருக்கிறது.

என் தங்கையின் பேத்தி பூந்தமல்லி தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவளும் கூடப் படிக்கிற ஐந்து பேரும் சேர்ந்து, ஆள் ஓட்டாமல் தானே ஓடுகிற ஒரு சின்ன வண்டியைச் செய்தார்கள். ஒரு பிரிட்ஜ் அட்டைப்பெட்டியில் பாதி அளவு இருக்கும். நான்கு சக்கரம், மேலே ஒரு கேமரா, உள்ளே கையகல கம்ப்யூட்டர். ஆளுக்கு 4,000 ரூபாய் போட்டார்கள். எட்டு மாதம் உழைத்தார்கள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்குக் கொண்டு போனார்கள். முதல் வளைவிலேயே கோட்டை விட்டு வெளியே போய் வண்டி நின்றுவிட்டது. மொத்தம் 11 விநாடி.

வீட்டுக்கு வந்தவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் அப்பா, அதாவது என் தங்கை மகன், "இதெல்லாம் போதும், குழுவை விட்டு வெளியே வா, கேம்பஸ் இண்டர்வியூவுக்குப் படி" என்று சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை திருமுல்லைவாயிலில் என் வீட்டுக்கு வந்து ஊஞ்சலில் உட்கார்ந்து, "பெரிய ஆயா, எங்க வண்டி 11 விநாடி. இதை வெளியில சொல்லவே வெட்கமா இருக்கு" என்றாள்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள், பொறியியல் தெரியாது. ஆனால் ஒரு பழக்கம் உண்டு. ஒரு விஷயம் புரியவில்லை என்றால் அது எங்கிருந்து வந்தது என்று பின்னால் போய்ப் பார்ப்பேன். இரண்டு மாதம் படித்தேன். அவளையே கேட்டும் தெரிந்துகொண்டேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

நாற்காலி தாண்டிய வண்டி

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1960களிலிருந்து ஒரு வண்டி இருந்தது. சைக்கிள் சக்கரம் போட்ட மேசை மாதிரி இருக்கும். தலையில் ஒரு டி.வி. கேமரா. ஹான்ஸ் மொராவெக் என்ற ஆராய்ச்சி மாணவர் வருடக்கணக்கில் அதனோடு மல்லுக்கட்டினார். 1979இல் நாற்காலிகள் போட்ட ஓர் அறையை அந்த வண்டி யார் உதவியும் இல்லாமல் கடந்தது. எவ்வளவு நேரம் தெரியுமா? சுமார் 5 மணி நேரம். ஒரு மீட்டர் நகரும், நிற்கும், படம் எடுக்கும், பத்துப் பதினைந்து நிமிஷம் யோசிக்கும், மறுபடி ஒரு மீட்டர் நகரும். நம் வீட்டுக் குழந்தை ஒன்றரை வயதில் நாற்காலிக் கால்களுக்கு நடுவே ஓடிப் போகிறதே, அது எத்தனை பெரிய காரியம் என்று அன்றைக்குத்தான் மனிதனுக்கு உறைத்தது.

அதே 1979இல் பிட்ஸ்பர்க் நகரத்தில், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரோபோட்டிக்ஸ் நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் யார் என்று பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ராஜ் ரெட்டி. அப்போதைய சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் காட்டூர் என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். போன கல்லூரி எது? நம் கிண்டி பொறியியல் கல்லூரி. 1958இல் அங்கே பட்டம் வாங்கினார். நான் பிறந்த ஆண்டும் அதுதான். அங்கிருந்து ஆஸ்திரேலியா, பிறகு ஸ்டான்ஃபோர்டு. 1994இல் கணினித் துறையின் மிகப் பெரிய விருதான டூரிங் விருது அவருக்கும் எட்வர்ட் ஃபைகன்பாம் என்பவருக்கும் கிடைத்தது. கிண்டி வழியாகப் பஸ்ஸில் போகும்போது இனி ஒரு தடவை அந்தக் கட்டடத்தை எட்டிப் பாருங்கள்.

அந்தப் பிட்ஸ்பர்க் நிறுவனத்தில் "நேவ்லேப்" என்று வரிசையாக வண்டிகள் செய்தார்கள். 1980களின் கடைசியில் அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்த டீன் பாமர்லோ, மனிதன் ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்தே ஸ்டியரிங்கைத் திருப்பக் கற்றுக்கொள்கிற ஒரு ப்ரோகிராமை எழுதினார். 1995இல் அவரும் டாட் ஜாக்கம் என்பவரும் ஒரு வேனில் ஏறி அமெரிக்காவின் குறுக்கே 4,500 கிலோமீட்டருக்கு மேல் போனார்கள். அதில் 98.2 சதவீத தூரத்துக்கு ஸ்டியரிங்கைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் மட்டும் மனிதர்கள் பொறுப்பு. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் டிக்மன்ஸ் என்ற பேராசிரியர் இன்னும் முன்னாலேயே, 1987இல், கேமரா பொருத்திய பெரிய வேனை ஆளில்லாத நெடுஞ்சாலையில் மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தில் தானாக ஓட வைத்திருந்தார்.

ஆனால் இவையெல்லாம் கோடு போட்ட நல்ல சாலையில். காட்டுப் பாதையில், கல்லிலும் குழியிலும், உள்ளே ஒருவரும் உட்காராமல் ஒரு வண்டி போகுமா? அந்தக் கேள்விக்குத்தான் போட்டி வைத்தார்கள்.

*

2004: எல்லாரும் தோற்ற போட்டி

அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிக்கு "டார்பா" என்று ஓர் அமைப்பு உண்டு. இன்றைய இணையத்தின் மூதாதையான வலையமைப்பை 1969இல் உருவாக்கியதும் அதுதான். 2015க்குள் தரைப்படையின் போர் வண்டிகளில் மூன்றில் ஒரு பங்கு ஆளில்லாமல் ஓட வேண்டும் என்று அந்த நாட்டுச் சட்டமன்றம் இலக்கு வைத்துவிட்டது. கம்பெனிகளை மட்டும் நம்பினால் நடக்காது என்று தெரிந்துகொண்ட டார்பா, யார் வேண்டுமானாலும் வரலாம், ஜெயித்தால் 10 லட்சம் டாலர் என்று அறிவித்தது.

2004 மார்ச் 13. கலிபோர்னியாவில் மொஹாவி பாலைவனம். பாதை சுமார் 228 கிலோமீட்டர். கிளம்பிய பிறகு யாரும் தொடக் கூடாது, ரிமோட்டும் கூடாது. தகுதி பெற்றவை 15 வண்டிகள். பல்கலைக்கழக மாணவர்கள், கம்பெனிக்காரர்கள், கார் ஷெட்டில் வேலை செய்கிற ஆர்வலர்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். பாலோஸ் வெர்டெஸ் என்ற ஊரிலிருந்து ஓர் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும் ஒரு வண்டியோடு வந்திருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் என்று படித்ததும் எனக்கு மனசு பொங்கியது.

என்ன ஆயிற்று? அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் வண்டி கிளம்பிய இடத்திலேயே சுவரில் மோதியது. பெர்க்லி மாணவர்கள் கொண்டு வந்தது ஆளில்லா மோட்டார் சைக்கிள், போட்டியிலேயே அது ஒன்றுதான் இரண்டு சக்கர வண்டி. அதை நிமிர்ந்து நிற்க வைக்கிற கருவியின் ஸ்விட்சைப் போட மறந்துவிட்டார்கள். விட்டவுடன் சாய்ந்து விழுந்தது. ஒரு வண்டி கவிழ்ந்தது, ஒன்று முள்கம்பியில் மாட்டியது.

எல்லாரையும் விட அதிக தூரம் போனது ராஜ் ரெட்டி தொடங்கிய அந்த நிறுவனத்து வண்டி. பெயர் "சேண்ட்ஸ்டார்ம்", அதாவது மணற்புயல். ரெட் விட்டேக்கர் என்ற பேராசிரியரும் அவர் மாணவர்களும் பழைய ராணுவ ஜீப் ஒன்றைப் பிரித்துச் செய்தது. அது ஒரு கொண்டைஊசி வளைவில் பாதையின் ஓரம் இறங்கி, அடிப்பாகம் மண்மேட்டில் ஏறிக்கொள்ள, சக்கரம் சும்மா சுற்றிச் சுற்றி டயர் புகைந்து எரிந்து நின்றது. போன தூரம் 12 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

228 கிலோமீட்டரில் 12. பரிசு யாருக்கும் இல்லை. பத்திரிகைகள் கேலி செய்தன. நம் பரீட்சைக் கணக்கில் 100க்கு 5 மார்க்.

இதைப் படித்த அன்றைக்கே பேத்திக்குப் போன் போட்டேன். "உன் வண்டி 11 விநாடியாவது ஓடிச்சு, அவங்க மோட்டார் சைக்கிளு நிக்கவே இல்லைடி" என்றேன். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பல நாள் கழித்துக் கேட்ட சிரிப்பு.

*

2005: ஐந்து வண்டிகள்

டார்பா போட்டியை மூடிவிடவில்லை. பரிசை 20 லட்சம் டாலராக்கி, மறுபடி வாருங்கள் என்றது. 2005 அக்டோபர் 8. பாதை 212 கிலோமீட்டர், ஏறக்குறைய சென்ட்ரலிலிருந்து ஜோலார்பேட்டை. வழித்தட விவரத்தைக் கிளம்ப 2 மணி நேரம் இருக்கும்போதுதான் கொடுத்தார்கள். வந்தவை 23 வண்டிகள்.

அன்று ஐந்து வண்டிகள் முழுப் பாதையையும் கடந்து வந்தன. 23இல் 22 வண்டிகள் போன ஆண்டின் 12 கிலோமீட்டரைத் தாண்டின. இடையில் ஓடியது ஒன்றரை வருஷம். போன தடவை எங்கே தப்பு என்று ஒவ்வொரு குழுவும் உட்கார்ந்து பார்த்தது. வேறு மந்திரம் ஒன்றும் இல்லை.

முதலில் வந்தது ஸ்டான்ஃபோர்டு மாணவர்களின் "ஸ்டான்லி" என்ற நீல நிற ஃபோக்ஸ்வாகன் கார். நேரம் 6 மணி 54 நிமிஷம். தலைமை தாங்கியவர் செபாஸ்டியன் த்ரன். விட்டேக்கர் குழுவின் இரண்டு வண்டிகளும் 7 மணி 5 நிமிஷத்திலும் 7 மணி 14 நிமிஷத்திலும் வந்து இரண்டாம், மூன்றாம் இடம் பிடித்தன. இரண்டாவதாக வந்தது, போன ஆண்டு டயர் எரிந்து நின்ற அதே சேண்ட்ஸ்டார்ம். 11 நிமிஷ வித்தியாசத்தில் 20 லட்சம் டாலர் போயிற்று.

ஸ்டான்லி எப்படி ஜெயித்தது என்று பேத்தி எனக்கு விளக்கினாள். காரின் கூரையில் ஐந்து லேசர் கருவிகள். ஒளிக்கதிரை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டு, முன்னால் மேடா பள்ளமா என்று சொல்லும். வௌவால் சத்தத்தில் செய்வதை இது வெளிச்சத்தில் செய்கிறது. இதற்குப் பெயர் லைடார். ஆனால் அன்றைய லேசருக்குக் கிட்டப்பார்வைதான், பத்திருபது மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. அதை மட்டும் நம்பினால் மெதுவாகத்தான் போக வேண்டும். கேமராவுக்குத் தூரத்தில் இருப்பது தெரியும், ஆனால் எது பாதை, எது புதர் என்று தெரியாது. அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், கிட்டத்தில் எது நல்ல தரை என்று லேசர் சொல்லும், அந்தத் தரை என்ன நிறத்தில் இருக்கிறது என்று கேமரா பார்த்துக்கொள்ளும், பிறகு தூரத்திலும் அதே நிறம் எதுவரை போகிறது என்று தேடும். ஓட ஓடக் கற்றுக்கொண்டே போகும்.

கேட்டதும் எனக்கு ஆசிரியர் பயிற்சி வகுப்பு ஞாபகம் வந்தது. "தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு." முதல் மாதமே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி. அந்த விதியை ஒரு காருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றாவதாக வந்த "ஹைலேண்டர்" கதையையும் சொல்ல வேண்டும். வழியெல்லாம் முன்னணியில் இருந்த வண்டி அது. நடுவில் திடீரென்று இன்ஜின் வலுவிழந்து, மேட்டில் ஏற முடியாமல் திணறியது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. 12 வருஷம் கழித்து, 2017இல், நினைவு நிகழ்ச்சி ஒன்றுக்காக அந்தப் பழைய வண்டியைக் கிளப்பிப் பார்த்தபோது, இன்ஜின் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன மின்வடிகட்டியில் கால் பட்டதும் இன்ஜின் அணைந்தது. அதுதான் குற்றவாளி. போட்டிக்குச் சில வாரம் முன்பு சோதனை ஓட்டத்தில் வண்டி ஒரு தடவை உருண்டிருந்தது, அதில் அடிபட்டிருக்கும் என்று நினைக்கிறார்கள். தோற்ற வண்டியைக் காயலான் கடையில் போடாமல் வைத்திருந்ததால் 12 வருஷம் கழித்தாவது பதில் கிடைத்தது.

இன்னொன்று. அதே 2005 மார்ச்சில்தான் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். நம் ஊர்ப் பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்த ஆண்டில், ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆளே வேண்டாம் என்று ஒரு வண்டி காட்டிவிட்டது. என் பேத்தி பிறந்ததும் அதே 2005.

*

2007: ஓடுபாதையும் சோழவரமும்

அடுத்தது ஊருக்குள் ஓட்டம். 2007 நவம்பர் 3. மூடிப்போன ஒரு விமானப்படைத் தளத்தின் சாலைகளில், மற்ற கார்களுக்கு நடுவே, நாற்சந்தியில் நின்று, வழி விட்டு, விதிமுறை தவறாமல் 96 கிலோமீட்டரை 6 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். இறுதிச் சுற்றுக்கு 11 வண்டிகள், முடித்தவை 6. இந்தத் தடவை ஜெயித்தது பிட்ஸ்பர்க் குழுவின் "பாஸ்". ஸ்டான்ஃபோர்டு இரண்டாவது, வர்ஜீனியா டெக் மூன்றாவது. மூன்றரை ஆண்டு காத்திருந்து விட்டேக்கரின் பிள்ளைகள் ஜெயித்தார்கள்.

அந்த வெற்றியும் நூலிழையில்தான். கிளம்பும் நேரத்தில் பாஸ் வண்டிக்கு ஜி.பி.எஸ். சிக்னலே கிடைக்கவில்லை. எல்லாருக்கும் வியர்த்துவிட்டது. கடைசியில் பார்த்தால், கூட்டத்துக்காகப் பக்கத்தில் வைத்திருந்த ராட்சத டி.வி. திரைதான் சிக்னலைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அதை அணைத்ததும் சரியானது. எம்.ஐ.டி. வண்டியும் கார்னெல் வண்டியும் அன்று மெதுவாக ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. உள்ளே யாரும் இல்லாததால் சண்டை போட ஆளில்லை!

விமானத் தளத்தில் பந்தயம் என்றதும் நம் பக்கத்து ஆட்களுக்குச் சோழவரம் ஞாபகம் வராமல் இருக்குமா? இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுபாதையில்தான் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் வருஷா வருஷம் கார், மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்தியது. என் தம்பி பதினைந்து வயதில் வீட்டில் சொல்லாமல் அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் வழியாகச் சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்துவிட்டு, வந்து அப்பாவிடம் அடி வாங்கினான். 1990 வாக்கில் பந்தயம் இருங்காட்டுக்கோட்டையில் கட்டிய புதுத் தடத்துக்குப் போயிற்று. அதே இருங்காட்டுக்கோட்டையில் 2011இல் பொறியியல் மாணவர்கள் தாங்களே செய்த பந்தயக் கார்களை ஓட்டும் சுப்ரா போட்டி நடந்தது. போர் முடிந்து சும்மா கிடந்த இடத்தைப் பந்தயம் நிரப்பியது, பந்தயத்தைப் பிள்ளைகள் நிரப்பினார்கள். இரண்டு நாட்டிலும் ஒரே கதைதான்.

*

நம் ஊரில்

"இதெல்லாம் அமெரிக்கா, நமக்கென்ன" என்பவர்களுக்கு நம் சுற்றுவட்டாரத்தையே காட்டுகிறேன்.

ஆவடி. 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. பக்கத்திலேயே இருக்கிற போர் வாகன ஆராய்ச்சி நிலையத்தில்தான் அர்ஜுன் டாங்கியை வடிவமைத்தார்கள். அதே நிலையம் 2017இல் "முந்த்ரா" என்ற ஆளில்லா டாங்கியைக் காட்டியது. கண்காணிக்க ஒன்று, கண்ணிவெடி தேட ஒன்று, அணுக்கதிர், விஷவாயு இருக்கும் இடத்துக்குப் போக ஒன்று என மூன்று வகை. சோதித்த இடம் ராஜஸ்தான் பாலைவனம். அங்கே மொஹாவி, இங்கே மகாஜன். என்னிடம் படித்த பிள்ளைகளின் அப்பாக்கள் எத்தனை பேர் காக்கிச் சட்டையில் சைக்கிளில் ஆவடிக்குப் போய் வந்தார்கள்! நீங்கள் சாப்பிட்ட சோறு அந்தத் தொழிற்சாலைச் சம்பளம்.

கிண்டிக்குப் பக்கத்தில் ஐ.ஐ.டி.யில், முன்னாள் மாணவர்கள் கொடுத்த பணத்தில் 2008இல் தொடங்கிய புத்தாக்க மையம் இருக்கிறது. அங்கே "அபியான்" என்ற மாணவர் குழு தானோடி வண்டிகளைச் செய்கிறது. கரக்பூர் ஐ.ஐ.டி. மாணவர்கள் "ஏகலைவா" என்று பெயர் வைத்து வரிசையாக வண்டிகள் செய்தார்கள். குரு இல்லாமல் கற்றவன் பெயர், பொருத்தம்தான். இவர்கள் போகிற போட்டி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1993 முதல் நடக்கிறது. தரையில் வெள்ளைக் கோடு போட்டு, நடுநடுவே பீப்பாய் வைத்திருப்பார்கள். வேகம் மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கேட்க எளிது. வெயில் பளபளப்பில் வெள்ளைக் கோடு மறைந்துவிடும். அங்கேதான் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள்.

மறு கோடியில், 2021 அக்டோபரில் இண்டியானாபோலிஸ் பந்தயத் தடத்தில் மாணவர்களின் ப்ரோகிராம்கள் ஆளில்லாப் பந்தயக் கார்களை ஓட்டின. ஜெயித்த மியூனிக் மாணவர்களின் கார் சராசரியாக மணிக்கு 218 கிலோமீட்டர் வேகத்தில் போனது. 1979இல் ஒரு மீட்டருக்குப் பத்து நிமிஷம் யோசித்ததே ஒரு வண்டி, அதிலிருந்து இங்கே வர 42 வருஷம்.

பூந்தமல்லியையும் விடவில்லை. மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் ஓட்டுநர் இல்லா ரயில் 2024 அக்டோபரில் பூந்தமல்லி பணிமனையில்தான் முதன்முதலாகச் சோதனைத் தடத்தில் ஓடியது. 2025 மார்ச்சில் முல்லைத்தோட்டம் வரை மேம்பாலத்தில் வந்தது. "அதுவும் ரோபோதானே?" என்று கேட்டேன். "அதுக்குத் தண்டவாளம் இருக்கு ஆயா. வழியில மாடு வராது. எங்க வண்டிதான் கஷ்டம்" என்றாள் பேத்தி, கொஞ்சம் பெருமையாக.

*

தம்பி கேட்ட கேள்வி

இதையெல்லாம் என் தம்பியிடம் சொன்னேன். அவன் பல்லவனில் டிரைவராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிக்கா. அப்போ டிரைவருங்க எல்லாம் எங்க போறது?" என்றான்.

நியாயமான கேள்வி. அந்தப் போட்டிகளுக்குக் காசு கொடுத்தது ராணுவம், போரில் தன் ஆட்கள் சாகக் கூடாது என்பதற்காக. ஜெயித்த த்ரன் 2009இல் கூகிளுக்காகத் தானோடி கார் வேலையைத் தொடங்கினார். அதுதான் இன்று அமெரிக்க நகரங்களில் டிரைவர் இல்லாமல் வாடகைக்கு ஓடுகிற வேமோ. நாளைக்கு இங்கேயும் வரும். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் லாரி, வேன், ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிற எத்தனையோ குடும்பங்களை எனக்கே தெரியும். என் மாணவர்களிலும் பலர் இருக்கிறீர்கள். "எல்லாம் நல்லதுக்கே" என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒன்று மட்டும் சொல்வேன். சி.டி.எச். ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஓட்டுகிற ஒருவனின் மூளையில் என்ன நடக்கிறது என்று இந்தப் போட்டிகளைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. நாய் குறுக்கே வருமா, ஷேர் ஆட்டோ நிற்குமா, அந்த அம்மா சாலையைக் கடப்பாளா என்று ஒரு நொடிக்குள் முடிவு செய்கிறான். உலகத்துப் பெரிய பல்கலைக்கழகங்கள் இத்தனை வருஷம் உழைத்தும் அதை முழுசாகச் செய்ய முடியவில்லை. அந்த வேலையை நாம் "வெறும் டிரைவர் வேலை" என்று சொல்லி வந்தோம். இந்த வண்டிகளைச் செய்கிற பிள்ளைகள் டிரைவர் வீட்டிலிருந்தும் வர வேண்டும். வந்தால்தான் தம்பியின் கேள்வி அந்த அறைக்குள்ளும் கேட்கும்.

*

நான் பூட்டி வைத்த வண்டி

இப்போது இந்தப் பதிவை எழுதக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். முப்பது வருஷமாக யாரிடமும் சொல்லாதது.

1994. ஏழாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் ஒரு பையன். பெயர் போடவில்லை. அந்த வகுப்பில் படித்தவர்களுக்குத் தெரியும். ஒரு நாள் கணக்குப் பாடத்தின் நடுவே பெஞ்சுக்கு அடியில் "கிர்ர்" என்று சத்தம். போய்ப் பார்த்தால் ஒரு வண்டி. சோப்பு டப்பா உடம்பு, ரப்பர் செருப்பை வெட்டிய சக்கரம், டேப் ரெக்கார்டர் மோட்டார், இரண்டு பென்சில் செல். முன்னால் ஒரு குடைக்கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. வண்டி சுவர் வரை போகும். கம்பி சுவரில் பட்டதும் உள்ளே தள்ளி ஒரு சுவிட்சைத் திருப்பும். வண்டி தானாகப் பின்னால் வரும்.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "இதை எப்படிச் செய்தாய்" என்று கேட்கவில்லை. "மோட்டாரை எங்கேடா திருடினே?" என்று கேட்டேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள் முன்னால்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அப்பாவைக் கூட்டி வரச் சொன்னேன். எஸ்டேட்டில் கூலி வேலை செய்கிற மனிதர், அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தார். வந்தவர் என் கண் முன்னாலேயே அவனை அடித்தார். சாயங்காலம் ஒரு ரிப்பேர் கடையில் அவன் கூடமாட வேலை செய்கிறான், கூலிக்குப் பதிலாக வாங்கிய பழைய மோட்டார் அது என்று பிறகுதான் தெரிந்தது. வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். பரீட்சை வந்தது, திருத்தல் வந்தது, மறந்துவிட்டேன். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவன் எட்டாம் வகுப்புக்கு வரவில்லை. பீரோவைச் சுத்தம் செய்தபோது செல் ஒழுகி, மோட்டார் துருப்பிடித்திருந்தது. நானே குப்பையில் போட்டேன்.

தடையை உணர்வது, முடிவெடுப்பது, திரும்புவது. ஸ்டான்லி செய்ததும் பாஸ் செய்ததும் இந்த மூன்றைத்தான் என்று பேத்தி எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது, அந்தக் குடைக்கம்பி கண் முன்னால் வந்து நின்றது. அன்று அதுக்கு மேல் கேட்க முடியாமல் எழுந்து உள்ளே போய்விட்டேன். பன்னிரண்டு வயதில், காசில்லாமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல், அந்தப் பிள்ளை அதைச் செய்திருந்தான். நான் ஆசிரியை. எனக்குக் கண் தெரியவில்லை.

*

என் தங்கை மகனுக்கு ஒரு வார்த்தை. நீ இதைப் படிப்பாய் என்று தெரியும் கண்ணா. பிள்ளை படிப்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்ற உன் பயம் தப்பில்லை, கடன் வாங்கிப் படிக்க வைக்கிறாய். ஆனால் சேண்ட்ஸ்டார்ம் 2004இல் டயர் எரிந்து நின்றபோது அந்த மாணவர்களின் அப்பாக்கள் "போதும்" என்று சொல்லியிருந்தால் 2005 இல்லை, 2007 இல்லை. அவள் தோற்றது வெயிலால் என்று கண்டுபிடித்துவிட்டாள். சாயங்காலச் சூரியன் கேமராவுக்கு நேரே வந்து கோட்டை மறைத்திருக்கிறது. போன வாரம் முழுக்க என் மொட்டை மாடியில் ஐந்து மணி வெயிலில் வெள்ளை டேப் ஒட்டிச் சோதித்துக்கொண்டிருந்தாள். உனக்குச் சொல்லவில்லை, என்னைத் திட்டு. அவள் குழுவில் இருப்பதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். மார்க் குறைந்தால் என்னிடம் வா, நான் பதில் சொல்கிறேன்.

1994 ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று யாருக்காவது தெரிந்தால், இங்கே கமெண்டில் பெயர் போட வேண்டாம், எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அவனுக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது இருக்கும். நான் போய்ப் பார்க்க வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும். அவன் விரும்பினால் பேத்தியின் வண்டியையும் எடுத்துக்கொண்டு போவேன். அவன் அன்றைக்குச் சொல்ல வாயெடுக்காத பதிலை, அந்தச் சுவிட்சை எப்படிப் பொருத்தினான் என்பதை, இப்போதாவது கேட்க வேண்டும்.

ஆசிரியர்களாக இருக்கிற என் மாணவர்களே, பெஞ்சுக்கு அடியில் சத்தம் கேட்டால் முதலில் குனிந்து பாருங்கள். பிறகு பேசுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
திருமுல்லைவாயில்